பதின்மூன்று வீடு தள்ளி வந்த ஆறுதல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் சித்தியும் சுகம், உன் அப்பா உயிரோடு சுகம். நீயும் அந்தக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உயிரோடு என்று ஏன் தனியாகச் சேர்த்தேன் என்று பயந்துவிடாதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. இதை மூன்றாவது முறையாக ஆரம்பிக்கிறேன், முதல் இரண்டு தாளும் சிரிப்பில் கோணிப்போயின. ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஃபிரிட்ஜ் என்று பட்டப்பெயர் இருப்பதை நீதான் கண்டுபிடித்து வந்து சொன்னாய், அந்த ஃபிரிட்ஜ் இந்த வாரம் கரண்ட் போய்த் தண்ணீராக ஓடிவிட்டது. அதற்கு முன்னால் ஒன்று, நீ அனுப்பிய போட்டோவில் காலில் சாக்ஸ் இல்லை. வீட்டுக்குள்தானே என்று சொல்லாதே, தரை வழியாகத்தான் உடம்புச் சூடு போகும், இது அம்மா பயம் இல்லை, இயற்பியல்.

சித்தப்பாவின் அடக்கத்துக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாய், அதன் பிறகு நடந்தது எதையும் நான் உனக்கு முழுதாக எழுதவில்லை. சித்தி நன்றாக இருக்கிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி எழுதினேனே, அது பொய். பீங்கான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் விட்டு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்த படகு நடு ஆற்றில் கவிழ்ந்து, ஓட்டி வந்த சித்தப்பாவோடு சேர்த்து ஒன்பது பேர் போனது உனக்குத் தெரியும். ஒன்பது பேரும் நம் குடியிருப்புத் தெருவில் இருந்தவர்கள். நீ விமானம் ஏறிய மறுவாரமே பேச்சு கிளம்பிவிட்டது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றினான், அவனால்தான் எல்லாம் என்று. அதில் முதல் குரல் சித்தியின் பக்கத்து வீட்டு மேஸ்திரி அக்காவுடையது. சூளை மேஸ்திரியைப் பறிகொடுத்தவள், அவளை யார் என்ன சொல்ல முடியும்? இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், அந்தப் பக்கம் அவள் அழுவது இந்தப் பக்கம் கேட்கும், இந்தப் பக்கம் சித்தி அழுவது அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் நாலு மாதமாக ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை கிடையாது. மற்ற ஏழு வீட்டாரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள், சித்தி வாசலை மட்டும் எல்லோரும் தாண்டிப் போனார்கள். கடைசியில் சித்தி, வெளியூரில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் மேற்பார்வை வேலை இருக்கிறது, தங்க அறையும் தருகிறார்கள், போகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை பதினோரு மணி பஸ். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாருக்காக இருக்கச் சொல்வேன்? நானும்தான் நாலு மாதமாக என்ன செய்தேன் தெரியுமா, தினமும் சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன், துணி மடித்தேன், ஃபேனைத் துடைத்தேன், சித்தப்பாவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பேசினால் அழுவாளே என்று அவளுக்காகப் பேசாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டு எண் கதை. நீ போன மறு மாதம் நகராட்சியிலிருந்து ஒரு பெயிண்டர் வந்து தெருவுக்குப் புது எண் போட்டார். வெயில் தாங்காத ஆள், நிழல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தக் கோடியிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துவிட்டார். அதனால் பழைய ஒன்று இப்போது இருபத்து நாலு, பழைய இருபத்து நாலு இப்போது ஒன்று. சித்தியின் பழைய ஆறாம் எண் வீடு பத்தொன்பதாகிவிட்டது, பத்தொன்பதாக இருந்த நம் வீடு ஆறாகிவிட்டது. தெருக்காரர்கள் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை, தபால்காரர் எண் பார்த்தா கொடுக்கிறார், முகம் பார்த்துத்தானே கொடுக்கிறார்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டினார்கள். வெளியே உயரமாக ஒரு அம்மா, கையில் பெரிய பை, பக்கத்தில் தாடி வைத்த இளம் ஊழியக்காரர் ஒருவர், அவர் கையில் போர்வையும் ரொட்டியும். மிஷனிலிருந்து வருகிறோம், உங்கள் துக்கத்தில் கொஞ்ச நேரம் கூட உட்கார வந்தோம் என்றார்கள். உனக்குத் தெரியும், எனக்கும் கடவுளுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் வந்தவர்களை வாசலில் நிற்க வைக்கக்கூடாதே, ஏதோ தெரு முழுவதற்குமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன். உட்கார்ந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரரை இழந்த வேதனை யாருக்கும் வரக்கூடாதும்மா என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லைங்க, என் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலை, உள்ளேதான் சட்டைப் பொத்தான் தேடிக்கிட்டிருக்கார் என்றேன். அவர் இளையவரைப் பார்த்தார், இளையவர் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா என் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்து, தேடட்டும்மா, அவசரமே இல்லை என்றார். பிறகுதான் தெரிந்தது, துக்க வீட்டில் யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக்கூடாது என்பது அவர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமாம். போனவர் இன்னும் வீட்டில் இருக்கிறார் என்றே பல பேர் சொல்வார்களாம், கூடவே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல என் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. இப்ப வெளியே வந்து டீ கேட்பார் பாருங்க என்றேன். அந்த இளையவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

அவர்களுடைய இரண்டாவது பாடம், கால் மணி நேரம் வாயே திறக்காமல் கூட உட்கார்ந்திருப்பது. வேதம் இல்லை, பாட்டு இல்லை, போதனை இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐந்திலிருந்து ஒன்பது இருபது வரை அப்படி இருந்தோம். எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் முதலில் இருந்தது, போகப்போக என்னவோ அந்தக் கை உறுத்தவில்லை. பிறகு அந்த அம்மா மெதுவாக, உங்க வீட்டுக்காரர் எத்தனை வருஷம் ஆளுங்களை அந்த ஆத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார் என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்கள் சித்தப்பாவைத் தேடி வந்திருக்கிறார்கள், எண் மாறி என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் கேள்வியில் எண் இருந்தால் என் புத்தி பதிலைத்தானே முதலில் தேடும், பதினாறு வருஷம் என்று வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றார். எட்டு என்றேன். அப்போ பதினாறு வருஷம், தினம் எட்டுத் தடவை, அத்தனை பேரையும் பத்திரமா கரை சேர்த்திருக்கார், இதை யாராவது உங்ககிட்ட சொன்னாங்களாம்மா என்றார். இல்லை என்றேன். ஒருத்தர்கூடவா? ஒருத்தர்கூட இல்லை. சொல்லும்போதே அந்த ஒருத்தரில் நானும் அடக்கம் என்று உறைத்தது, அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டேன். இது உனக்கு வந்தது இல்லை, எழுந்து உண்மையைச் சொல் என்று மனசு சொல்கிறது, இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொள், அவளிடம் கொண்டுபோய்ச் சொல்லலாம் என்றும் அதே மனசு சொல்கிறது. அவர்கள் கண்ணை மூடி ஜெபம் தொடங்கினார்கள். இந்தச் சகோதரியின் கணவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பும் என்று இளையவர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையும் தோளில் துண்டுமாக உன் அப்பா வெளியே வந்து, பொத்தான் கிடைச்சிடுச்சு, டீ இருக்கா என்றார்.

அந்த இளையவர் கையிலிருந்த ரொட்டி உருண்டு போய் அப்பா காலடியில் நின்றது. அந்த அம்மா மட்டும் பதறவில்லை, கண்ணைத் திறந்து நிதானமாகப் பார்த்து, நீங்க யாரு என்று கேட்டார். இந்த வீட்டுக்காரன், நீங்க யாரு என்றார் அப்பா. அழுதுகொண்டிருந்த எனக்கு அப்படியே சிரிப்பாக மாறிவிட்டது, நிறுத்த முடியவில்லை, விக்கல் எடுத்துவிட்டது. அப்பா என்னைப் பார்க்கிறார், அவர்களைப் பார்க்கிறார், ரொட்டியை எடுத்துத் தூசி தட்டுகிறார். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். தொழிற்சாலை ஆபீசில் வாங்கிய பட்டியல், ஒன்பதும் பழைய எண். அவர்கள் ஆட்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒன்பது வீட்டுக்கும் போயிருக்கிறார்கள், ஒன்பதும் தப்பான வீடு. பக்கத்து ஐந்தாம் எண் பூட்டியிருந்ததால் தப்பித்தது. மூன்றாம் எண்ணில் தபால்காரரிடம் உங்க வீட்டுப் பெரியம்மா போனது பெரிய இழப்பு என்றிருக்கிறார்கள், அவர் எப்போ, எனக்கு யாரும் சொல்லலையே என்று ஆவலோடு கேட்க, உள்ளேயிருந்து அவருடைய மாமியார், யாருய்யா அது, என்ன இழப்பு என்று கத்தியிருக்கிறார். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பதினோராம் எண் தையற்காரர்தான். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணமே ஆகாதவர், அவரிடம் மனைவியை இழந்ததற்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் மறுக்கவே இல்லை. நல்ல குணம், சமையல்தான் சுமார், ஆனா நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை என்று முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். ஏன்யா இப்படிப் பொய் சொன்னே என்று உன் அப்பா கேட்டதற்கு, அவ்வளவு அக்கறையா கேட்டாங்க சார், இல்லைன்னு சொல்ல மனசு வரலை என்றாராம்.

அவர்களை உட்கார வைத்துவிட்டு நான் சித்தி வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன், பதின்மூன்று வீடு தள்ளி, தெருவே பார்த்தது. சித்தி தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்ன அக்கா, மாமாவுக்கு என்ன ஆச்சு என்று பதறினாள், என் கண் சிவந்திருந்ததே. மாமா செத்துட்டார், இப்ப டீ குடிக்கிறார் என்றேன். அதற்கு மேல் என்னால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை, நுரை, பொத்தான், ரொட்டி என்று துண்டு துண்டாகச் சொல்ல, அவள் முதலில் முறைத்தாள், பிறகு உதடு துடித்தது, பிறகு பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள் பார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்துச் சுவரைப் பார்த்தாள், சிரிக்கக்கூட அந்தச் சுவரிடம் அனுமதி கேட்பது போல. அந்தப் பார்வையில்தான் நான் கூச்சத்தை விட்டேன். உனக்கு வந்ததை நான் வாங்கிக்கிட்டேன், இந்தா என்று சொல்லி, பதினாறு வருஷம், தினம் எட்டுத் தடவை, எல்லாத்தையும் சொன்னேன். எனக்கு இதெல்லாம் அழகாகச் சொல்ல வராது, பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தேன். அந்த ஒரு நாள் வரைக்கும் யாருக்கும் ஒரு கீறல் விழாம கரை சேர்த்தவர், அதை நான் முதல் நாளே உன்கிட்ட சொல்லியிருக்கணும் என்றேன். என் புடவை முந்தானையைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சின்ன வயதில் செய்வாளே அதே மாதிரி. ஆனாலும் பாத்திரம் சுற்றுவதை நிறுத்தவில்லை. நீ சொல்லிட்டேக்கா, இந்தத் தெரு சொல்லணுமே என்றாள்.

மிஷன் அம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. தப்புக்கு மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும், ஒன்பது துக்க வீட்டாரையும் ஒன்றாகக் கூப்பிட்டுத் தேநீர் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம். எங்கள் பள்ளியின் சின்ன வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட நான் ஒத்துக்கொண்டேன். வியாழக்கிழமை நாலு மணி. சித்தியை வற்புறுத்தி அழைத்துப் போனேன், ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்று. தெருவின் கோபதாபம் எதுவும் அந்தத் தாடி இளையவருக்குத் தெரியாது, இந்த முறை எண்ணில் தப்பே வரக்கூடாது என்று புது எண் வரிசைப்படி சீட்டு எழுதி பெஞ்சுகளில் ஒட்டி வைத்திருந்தார். பத்தொன்பதும் இருபதும் ஒரே பெஞ்சு. சித்திக்குப் பக்கத்தில் மேஸ்திரி அக்கா. அவள் சீட்டைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், வேறு இடம் இல்லை, மூக்கை விடைத்துக்கொண்டு பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்தாள், சித்தி மறு கோடியில் நுனியில் ஒட்டிக்கொண்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, கால்கள் இரண்டும் நடுப்பக்கமாக இருக்கும், ஒரு கோடிக்காரர் எழுந்தால் மறு கோடிக்காரர் கீழே. மேஸ்திரி அக்காவின் எடை உனக்குத் தெரியும், சித்தி இப்போது குச்சி. இருவரும் அசையவில்லை.

மிஷன் அம்மா எழுந்து, முப்பது வருஷமா இந்த வேலை செய்யறேன், உயிரோட இருக்கிறவருக்காக இவ்வளவு உருக்கமா ஜெபம் பண்ணினது இதுதான் முதல் தடவை என்றார். எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்த உன் அப்பா, பரவாயில்லைம்மா, அட்வான்ஸா இருக்கட்டும் என்றார். அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. யாராவது ஒருத்தர், போனவங்க உங்களைச் சிரிக்க வச்ச ஒண்ணைச் சொல்லுங்க, அழ வச்சதை நாங்க இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார் அந்த அம்மா. முதலில் கோப்பையில் பூ வரைகிற மனைவியைப் பறிகொடுத்தவர், அவ தூக்கத்துலயும் என் முதுகுல பூ வரைவா என்றார். பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்த தையற்காரர், என் மனைவி எப்படின்னா என்று ஆரம்பித்ததும் உட்காருய்யா என்று நாலு பேர் கத்தினார்கள், அந்த இடமே குலுங்கியது. அந்தக் குலுங்கலில்தான் மேஸ்திரி அக்கா வாயைத் திறந்தாள். எங்க ஆளு எதுக்கும் நேரத்துக்கு வந்ததில்லை, எங்க கல்யாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டு, எங்கப்பா வேற மாப்பிள்ளை தேட செருப்பு மாட்டிட்டார் என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்கும் வேகம் வந்துவிட்டது. தினம் சூளையைப் பூட்டிட்டு, ஒரு கை சட்டைக்குள்ள, ஒரு கை வெளியில, ஏய் படகு, நான் இல்லாம போயிடுவியான்னு கத்திக்கிட்டே ஓடி வருவார், கிளம்பின படகு திரும்பி வரும், எத்தனை நாள் என் கண்ணால பார்த்திருக்கேன், அன்னைக்கும் அப்படித்தான் கத்தியிருப்பார், அன்னைக்கும் கடைசியா ஏறினது அவரா என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

நீந்திக் கரையேறி வந்தவர்கள் அந்த விஷயத்தை நாலு மாதமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள், மேஸ்திரியையும் ஏற்றத்தான் படகு திரும்பி வந்தது என்பதை அவளிடம் யார் சொல்வது? அவளே சொல்லிவிட்டாள். நான் சித்தியைப் பார்த்தேன். இப்போது அவள் என்ன சொன்னாலும் தகும், நான் அவள் இடத்தில் இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். சித்தி குனிந்த தலை நிமிராமல், மேஸ்திரி அண்ணன் ஏறாம ஆத்தைத் தாண்ட எங்க வீட்டுக்காரருக்கு மனசே வராதுக்கா, அவரை விட்டுட்டுப் போனா நாளைக்கு நான் யார்கூட சண்டை போடறதும்பார் என்றாள். மேஸ்திரி அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள், நாலு மாதத்தில் முதல் தடவை. ஒரு நாள்கூட விட்டுட்டுப் போனதில்லடி உன் ஆளு, ஒரு நாள்கூட என்றாள். கையை நீட்டிச் சித்தியின் மணிக்கட்டைப் பிடித்து, விரலால் அளந்து பார்த்து, சாப்பிடறியா இல்லையாடி நீ, நான் இப்ப கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தா நீ ஓட்டைப் பிச்சுக்கிட்டுப் போயிடுவே என்றாள். சித்தி சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, என் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, டீ சூடாக இருந்தது. மிஷன் அம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கே பேசக்கூடாது என்று தெரிந்த ஒரு பெண்ணை நான் மரியாதையோடு பார்த்தேன். அவர் நம்புவதை நான் இன்னும் நம்பவில்லை, ஆனால் அவர் வந்தது நல்லது.

சனிக்கிழமை மூட்டை கட்ட உதவலாம் என்று பத்தரை மணிக்குப் போனேன். வாசற்படி முழுவதையும் அடைத்துக்கொண்டு மேஸ்திரி அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெட்டியோடு சித்தி. அக்கா, கொஞ்சம் வழி விடுங்க, பஸ் வந்துடும் என்கிறாள் அவள், வரட்டும் என்கிறாள் இவள். போகாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கோப்பையில் பூ வரைந்தவளின் புருஷன் அந்த வழியாக வந்தவர் என்ன ஏது என்று கேட்டுவிட்டு அவரும் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது, கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது. அதுவரை பெட்டியைக் கையிலேயே பிடித்திருந்த சித்தி அதைக் கீழே வைத்துவிட்டு, டீ போடறேன், எத்தனை பேர் இருக்கீங்க என்றாள். உள்ளே போனவள் பாத்திரம் எல்லாம் மூட்டைக்குள் இருக்கிறது என்று திரும்பி வந்தாள், மேஸ்திரி அக்கா சுவர் அதிரும்படி தன் மகளைக் கூப்பிட்டு நாலு டம்ளர் கொண்டுவரச் சொன்னாள். விடுதிக்கு நான்தான் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். காரணம் என்ன போடட்டும் என்றேன். வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்காங்கன்னு போடுக்கா என்றாள், அப்படியே போட்டேன்.

உன் அப்பா இப்போது தெருவில் செத்துப் பிழைத்தவர் என்று பெரிய ஆளாகிவிட்டார், அதற்காகவே தினமும் ஷேவ் செய்கிறார். ஆசி வழங்குவதை எப்போதும் அவரிடம்தான் விட்டுவிடுவேன், இந்த முறை நானே சொல்கிறேன், நீ நீண்ட ஆயுளோடு இரு, நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் உட்காரட்டும். மறக்காமல் ஒன்று செய். சித்திக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. நான் உன்னிடம் அவளைப் பற்றி எழுதியது போல நலமா, நலம் என்று மேலோட்டமாக எழுதாதே. சித்தப்பா உன்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டதை எழுது, சுக்கான் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததை எழுது, நீ படகைச் சுற்றவிட்டு எல்லோரும் அலறியதை எழுது. அழுவாளே என்று யோசிக்காதே, அழட்டும், பக்கத்தில் ஆள் இருக்கிறது.

இவ்வளவு சிரித்ததற்குக் கொஞ்சமும் வெட்கப்படாத,
உன் அம்மா